முப்பது மீட்டர்

கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம்
விடுதிச் சமையல்கட்டில் கேட்டார்கள்:
"என்ன படிப்பு பாப்பா?"
உடற்பயிற்சி அறிவியல் என்றேன்.
"ஓ, பி.டி. டீச்சரா."
ஆமாம் என்பது சுலபமாக இருந்தது.
மூன்று வருடமும் ஆமாம் என்றே சொன்னேன்.

உண்மையில் அது
முகமூடி மாட்டிக்கொண்டு ஓடுகிற படிப்பு.
மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறை
ட்ரெட்மில் இன்னும் கொஞ்சம் மேடாகும்.
என் மூச்சை ஒரு குழாய் வாங்கிப்போய்
கணினியில் கோடாகப் போடும்.
சிக்கந்தர் கையில் ஸ்டாப்வாட்ச்.
ஜெபராணி என் விரலைக் குத்தி ஒரு துளி எடுப்பாள்.
"இன்னும் ஒண்ணு, இன்னும் ஒரே ஒண்ணு" என்று
வகுப்பே கத்தும்.
நூற்றுத் தொண்ணூற்று மூன்றில் என் இதயம்
காதுக்குள் குடிவந்தது.
உடம்பு தோற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வோம்.
அதற்கு மதிப்பெண்ணும் உண்டு.

பிறகு ஆளுக்கொரு திசை.
சிக்கந்தர் தேவகோட்டை ரஸ்தாவில் ஜிம் வைத்தான்.
விடியற்காலை நாலரைக்கு காவலர் தேர்வுப் பையன்கள்;
ஆயிரத்து ஐந்நூறு மீட்டரில் பதினொரு நொடி குறைக்க
அவர்களுக்கு முன்னால் ஓடுகிறான்,
கட்டணம் கேட்க மறந்துவிடுகிறான்.
ஜெபராணி பெங்களூரில் ஒரு ஹாக்கி அணியோடு;
பெண்களின் தூக்கத்தை, தண்ணீரை, மாதவிடாயை
அட்டவணையில் ஏற்றுகிறாள்.
டிவியில் ஆட்டம் வந்தால்
நாங்கள் பந்தை விட்டுவிட்டு
ஓரத்து பெஞ்சைப் பார்ப்போம்.
குன்றக்குடி வயிரவன் இன்சூரன்ஸ் விற்கிறான்.
நன்றாகவே விற்கிறான்.
அவனையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

எனக்குக் காரைக்குடியிலேயே
இதய, நுரையீரல் மறுவாழ்வு மையம்.
பலகையில் எழுத்து பெரிது. உள்ளே
நாங்கள் இருவர், இரண்டு சைக்கிள்,
விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கிளிப்.
வாடகைக்கு எடுத்த வீட்டின் முதல் இரண்டு கட்டு.
மூன்றாம் கட்டு பூட்டு. பங்காளி வழக்கு.
சாவி பினாங்கில் இருப்பதாக ஒரு பேச்சு,
தொலைந்தே போனதாக இன்னொன்று.

ஆறு நிமிட நடைச் சோதனைக்கு
முப்பது மீட்டர் நேர்கோடு வேண்டும்.
முகப்பிலிருந்து பூட்டிய கதவுவரை டேப் பிடித்தேன்.
இருபத்திரண்டரை.
இந்தத் தெருவில் நுழைந்து அந்தத் தெருவில் முடியும்
வீடுகள் நிறைந்த ஊரில்
எனக்குக் குறைவது ஏழரை.
"ஏழரைன்னா சனிதான்" என்றார் டாக்டர்.

அடைக்கலம் அண்ணன் வந்தார். ஐம்பத்திரண்டு.
கல்யாணச் சமையல்;
முப்பது வருடம் விறகுப் புகையில் நின்ற நுரையீரல்.
"நடக்கிறதுக்கா காலேஜ் போய்ப் படிச்சே?" என்றவர்
மூன்றாவது திருப்பத்தில் சுவரைப் பிடித்தார்.
"நல்லா செய்றீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."
அவ்வளவுதான் சொல்லலாம்.
ஊக்கச் சொல்லுக்கும் அளவு உண்டு,
எல்லோருக்கும் ஒரே வாக்கியம், ஒரே குரல்.
கத்திப் பழகிய தொண்டைக்கு
அதுதான் கஷ்டம்.

நூற்று எண்பது மீட்டர்.
எழுதிவிட்டு ஓரத்தில் குறித்தேன்:
பாதை குட்டை, திருப்பம் அதிகம்,
அது அவர் குற்றமில்லை.

எட்டு வாரம். திங்கள், புதன், வெள்ளி.
முகூர்த்த நாளென்றால் வரமாட்டார்,
மறுநாள் வந்து மைசூர்பாகு நீட்டுவார்.
சைக்கிள். படி ஏறி இறங்குதல்.
உதட்டைக் குவித்து மெல்ல ஊதும் மூச்சு.
"ரசம் ஆத்துற மாதிரியா?" என்று கேட்டார்.
அதற்குப்பின் யார் வந்தாலும்
ரசம் ஆத்துங்க என்றுதான் சொல்கிறேன்.

இன்று மறுசோதனை.
நான் ஸ்டாப்வாட்சோடு கூம்பு அருகில்.
எட்டாவது நீளம் தாண்டினார். ஒன்பது. பத்து.
சுவர் பக்கம் கை போகவில்லை.
பதினொன்றின் முடிவில் நேரமும் முடிந்தது;
பூட்டிய கதவில் உள்ளங்கை வைத்து நின்றார்.

"இன்னும் போவேன் போல இருக்கு.
இதுக்கு அந்தப் பக்கம் என்னம்மா?"

"ஏழரை மீட்டர்" என்றேன்.

சிரித்தார்.
இருமல் வரும் என்று
ஸ்டாப்வாட்சைப் பார்த்தபடி
காத்துக்கொண்டிருந்தேன்.